கண்காட்சி வாசற்படியில் இருந்தவருக்கு

நானா,

போன வாரம் சனிக்கிழமை நம் பல் லேப்பை மூடிவிட்டு நேராகக் கண்காட்சிக்குப் போனேன். முதல் படத்தின் முன்னால் நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண்மணி மூக்கைச் சுளித்துக்கொண்டு இரண்டு படம் தள்ளிப் போய்விட்டார். சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். பல்செட்டுக்கு ஈறு செய்யத் தூளோடு சேர்த்துக் குழைப்போமே, அந்தத் திரவத்தின் வாடை. வருடக்கணக்காக அதற்குள்ளேயே கிடப்பவனுக்கு அது வாடை என்றே தெரிவதில்லை. நீங்கள் இருந்திருந்தால் மண்டபத்துக்கு வெளியிலேயே என்னை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து குட்டி அத்தர் போத்தலை எடுத்து என் மணிக்கட்டுகளில் தடவி விட்டிருப்பீர்கள்.

"இந்த வாடையோட உள்ளுக்குப் போனா படமே எழும்பி ஓடிடும் தம்பி" என்பீர்கள்.

திரும்பி வாசற்படியைப் பார்த்தேன். யாரோ வைத்துவிட்டுப் போன குடை ஒன்று விரித்தபடி காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்குப் படம் பார்க்க முடியவில்லை. வந்த வழியே இறங்கி பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பத்திரிகைக்கு அந்த வாரம் ஒன்றும் அனுப்பவில்லை.

அனுப்பாமல் வைத்திருந்தது அது ஒன்று மட்டுமல்ல. நோன்புப் பெருநாள் கழிந்து மடவளைக்கு உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் மகள் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். வட்டிலாப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மாமா, வாப்பாட படம் ஒன்டும் எங்கக்கிட்ட இல்ல. ஐடென்டி கார்ட்ல ஈக்கிறது மட்டும்தான். நாளைக்கி இந்தப் புள்ள கேட்டா நான் என்னத்தக் காட்ட? நீங்கதானே படத்தயெல்லாம் எழுத்துல காட்டுறவரு. வாப்பாட மொகத்த எழுதித் தாங்களேன்."

வாய் நிறைய வட்டிலாப்பத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "சரி மகள்" என்றேன். அன்று தொடங்கியது இந்த அவஸ்தை. எழுதுவதும் கிழிப்பதுமாக வாரங்கள் போயின. எத்தனையோ முகங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். பொன்னாடை போர்த்திய முகம், பசித்த முகம், தூங்குகிற கங்காணியின் முகம். உங்கள் முகத்தை எழுத உட்கார்ந்தால் மட்டும் பேனா மாட்டைப் போல் படுத்துக்கொண்டது.

அடையாள அட்டைப் படம் உதவாது. அதில் நீங்கள் தாடி முளைக்காத வயதில், பொலிஸ் தேடுகிற ஆளைப் போல முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மகளின் கல்யாணப் படங்களில் ஒன்றே ஒன்றில் அகப்பட்டிருக்கிறீர்கள், அதுவும் சஹன் தட்டுக்கு மேல் குனிந்த ஒரு தொப்பியாகவும் புரியாணிக்கு நீண்ட ஒரு கையாகவும். கையிலும் பாதி. யார் போனைத் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதரை என்ன செய்ய முடியும்? நாங்கள் சிரித்துச் சிரித்தே விட்டுவிட்டோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

எல்லாம் ஒரு பல்செட்டில்தான் தொடங்கியது, நினைவிருக்கிறதா? அப்போது நான் தெல்தோட்டையிலிருந்து வந்து லேப்பில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. நீங்களும் எனக்கு ஒன்றிரண்டு வருடம்தான் முந்தியவர், ஆனாலும் அண்ணன் முறை வைத்து நானா என்றே கூப்பிட்டேன். ஒரு பல் டொக்டர் அவசரமாக ஒரு பல்செட்டை அனுப்பியிருந்தார், நடுவில் இரண்டாக உடைந்தது. அதன் சொந்தக்காரர் ஓவியர். அன்று பின்னேரம் அவருடைய கண்காட்சி திறப்பு விழா. பல் இல்லாமல் அவர் எப்படி மேடையில் நிற்பார்? ஒட்டி, தேய்த்து, பளபளப்பாக்கி, இரண்டு பேருமாக எடுத்துக்கொண்டு ஓடினோம்.

மண்டப வாசலில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் படம். நீ குடுத்துட்டு வா" என்று படியில் உட்கார்ந்துகொண்டீர்கள். ஓவியர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி ஒரு மூலையில் காத்திருந்தார். பொட்டலத்தை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து முழு வாயும் தெரியச் சிரித்தார். "ஸ்தூதி மல்லி" என்று சிங்களத்தில் நன்றி சொன்னார். எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் சுவரைப் பார்த்தேன். அதற்கு முன் நான் படம் என்று பார்த்ததெல்லாம் கலண்டரும் கோயில் சுவரும். ஒரு மனிதர் இன்னொரு மனிதரை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியே வரும்போது நீங்கள் வாங்கிய கச்சான் கடலைப் பொட்டலம் காலியாகியிருந்தது.

கட்டுகஸ்தோட்டை வழியாக மடவளைக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதும் கேட்டீர்கள்.

"என்ன ஈக்கி உள்ளுக்கு?"

"நல்ல படங்க நானா. ரொம்ப சோகமா இருக்கு."

"சோகம் எனக்கித் தெரியும். அதுக்கு உள்ளுக்குப் போகத் தேவல்ல. படத்துல என்ன ஈக்கி, அதச் செல்லு."

சொன்னபடியே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் ஒரு கிழவரின் கையிலிருந்து தொடங்கினேன். எந்தக் கை, எதன் மேல் வைத்திருக்கிறார், விரல் மடிந்திருக்கிறதா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் இறங்க வேண்டிய கட்டுகஸ்தோட்டை போனது தெரியவில்லை. மடவளைக்கே வந்து, உங்களை இறக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. புதிதாக எங்கே கண்காட்சி என்றாலும் சனிக்கிழமை வேலை விட்டதும் போவோம். வாசலில் "மரமா, ஆளா?" என்று கேட்பீர்கள். மரம், மலை, ஆறு என்றால் உள்ளே வந்து பள்ளிவாசலுக்கு நேரமாகிவிட்டதைப் போல் ஒரு சுற்றுச் சுற்றி, "நல்லா ஈக்கி" என்று வெளியே போவீர்கள். ஆள் என்றால் படியும் கச்சானும்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் கேட்டேன்.

"படம் ஒங்கள கடிச்சா வைக்கப் போகுது? ஏன் நானா உள்ள வர மாட்டேங்கிறீங்க?"

"யாரும் எனக்கி வேணாம்டு செல்லல்ல தம்பி. நானே வெச்சிக்கிட்டது. ஒரு மனுஷன் ஒன்ட வேணாம்டு வெச்சா, அத அப்பிடியே உட்டுரணும்."

"அப்ப பல்லு மட்டும் செய்றீங்களே. ஆளு வாயில இருக்கிற மாதிரியே செய்றீங்க."

"பல்லால சோறு திங்கலாம். படத்தால திங்க ஏலுமா?"

  உங்கள் சொந்தத் தம்பி கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவர், அவரிடம் இதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் விரதம் உங்களோடு. அடுத்தவர் முற்றத்தில் அதைக் கொண்டுபோய்க் கட்டாத குணம் எனக்கு உங்களிடம் மிகவும் பிடித்திருந்தது.

பஸ்ஸில் சொன்னதை எழுதி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னதும் நீங்கள்தான். கண்டிக்கு வர முடியாதவர்களும் பார்க்கட்டுமே என்றீர்கள். என் முதல் விமர்சனத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பன்னிரண்டு பெண்களின் முகங்கள் கொண்ட கண்காட்சி அது. நான் எழுதியதோ, சிரிக்கிற பெண்ணுக்கு முன்பல் ஒன்று கூடுதல், மணப்பெண்ணின் பல் நிறம் அவள் வயதுக்குப் பொருந்தாது, மூன்றாவது படத்தில் இருப்பவருக்குக் கடவாய்ப்பல் இல்லாததை ஓவியர் கன்னத்தில் சரியாகக் காட்டியிருக்கிறார் என்று. உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். வேலை மேசையில் தலையை வைத்துக் குலுங்கினீர்கள். மெழுகு உருக்குகிற விளக்கில் தொப்பி பற்றிக்கொள்ளப் பார்த்தது.

"தம்பி, அந்தப் பொம்புளையள் எல்லாரும் நாளைக்கி லேப்புக்கு வந்து வரிசையில நிக்கப் போறாங்க."

ஆனாலும் அதைக் கிழிக்க விடவில்லை. "பல்ல வெச்சிக்க. மத்ததயும் சேத்துக்க" என்றீர்கள். சேர்த்து அனுப்பினேன். பத்திரிகையில் கலைப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். போனில் பேசினார்.

"ஓம், வாசிச்சனான். போடுறம். ஆனா படம் போட இடமில்லைத் தம்பி. எழுத்திலயே காட்டுங்கோவன்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஓவியத்தைப் பற்றிய கட்டுரை, ஓவியம் இல்லாமலா? உங்களிடம் வந்து புலம்பினேன். நீங்கள் பிளாஸ்டர் அச்சைச் செதுக்கியபடியே, "எனக்கி நீ என்ன படம் போட்டா காட்டுற?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான். அதன் பிறகு எந்தக் கட்டுரைக்கும் நான் படம் கேட்டதில்லை.

அந்தச் செருப்புப் படத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். சிங்களப் பெண் ஓவியர் ஒருவர் பஸ் நிலையத்துப் பெண்களை வரைந்திருந்தார். ஒருத்தி குழாயடியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் கழுவுகிறாள். ஒரு கை சேலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, மறு கை சுவரில். கைப்பையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

"முன்பல்லா, கடவாயா?" என்றீர்கள், கண்ணைத் திறக்காமலே.

"கடவாய்."

"அப்ப பை பாரம். மேல செல்லு."

சீமெந்துத் திண்டின் மேல் ஒற்றைச் செருப்பு இருப்பதைச் சொன்னேன். பாலத்தடியில் பஸ் நெரிசலில் மாட்டி நின்றிருந்தது. எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சந்தைப் பைகளை மடியில் வைத்திருந்த ஓர் உம்மா.

"மத்தச் செருப்பு எங்க தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. நீங்களும் அந்த உம்மாவுமாகச் சேர்ந்து என்னை ஒரு கை பார்த்துவிட்டீர்கள். "காசு குடுத்து ஒனக்கிப் பேப்பர்ல எழுத வெக்கிறாங்க, செருப்பக் காணல்லியா?" என்றீர்கள். பத்திரிகைக்காரர் எனக்குக் காசே கொடுப்பதில்லை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பார்சலைத் திறக்காமல் மண்டபத்துக்கு ஓடினேன். குழாய்த் தண்ணீர் படத்தின் ஓரத்துக்கு ஓடிச் சாக்கடைக் கானுக்குள் விழுகிறது. கான் வாயில் ஒரு நீலக் கீற்று. செருப்பின் வார். அது போய்க்கொண்டிருக்கிறது, அவளுக்குத் தெரியாது.

வந்து சொன்னபோது நீங்கள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டீர்கள்.  பிறகு, "பாவம், எப்பிடி ஊட்டுக்குப் போவா?" என்றீர்கள். அடுத்த சில வாரங்களுக்கு, ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் இடையில், "அந்தச் செருப்பு கெடச்சீக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அந்தக் கட்டுரைதான் நாலு பேர் என்னை விமர்சகன் என்று சொல்லக் காரணமானது. மண்டபங்களில் இப்போது கதிரை போட்டு உட்காரச் சொல்கிறார்கள். பல் கட்டுகிறவன் என்று தெரிந்தால் பாதிப் பேர் நம்புவதில்லை, மீதிப் பேர் தங்கள் பல்லைக் காட்டி ஆலோசனை கேட்கிறார்கள். இதை உங்களிடம் சொல்லிச் சிரிக்க முடியாமல் இருக்கிறது பாருங்கள், அதுதான் நானா கஷ்டம்.

நீங்கள் போன அன்று நான் தெல்தோட்டையில் இருந்தேன். தோட்டத்துக் கோயிலில் திருவிழா. மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. விஷயம் தெரிந்து பஸ் மாறி மாறி மடவளை வந்து சேர்ந்தபோது, ஆட்கள் மையவாடியிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். உங்கள் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்பதான் அடக்கினோம். எல்லாரும் வந்து மொகத்தப் பாத்தாங்க. ஒங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்தோம், அதுக்கு மேல ஏலல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் முறை அது, சுணக்கக் கூடாது. ஆனால் ஊரே பார்த்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, கண்காட்சியில் பாதியில் இறங்கி வந்தேன் என்றேனே, அன்று பஸ்ஸில் பழக்கதோஷத்தில் நடைபாதைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கத்தில் யாரோ ஒருவர், அலுவலகத்திலிருந்து வருகிறவர் போலும், தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். ஒரு காது, தாடையின் ஒரு பக்கம், சாய்ந்த கழுத்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்களை நான் பார்த்ததெல்லாம் இப்படித்தான். பஸ்ஸில் ஜன்னல் எப்போதும் உங்களுக்கு. லேப்பிலும் ஜன்னலோரம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நேருக்கு நேர் நின்று பேசாமலா இருந்திருப்போம், பேசினோம். ஆனால் பேசும்போது முகத்தை யார் பார்க்கிறார்கள்? அடுத்து என்ன சொல்லலாம் என்றுதான் யோசிக்கிறோம்.

அதனால் தெரிந்ததை எழுதுவது என்று முடிவு செய்தேன். ஒரு பக்கத்து முகம். காது மடலில் உலர்ந்த பிளாஸ்டர்ப் பொட்டு ஒன்று, கழுவினாலும் போகாதது. தாடி நரைத்தபோது கன்னத்தில் தொடங்காமல் நாடியில் தொடங்கியது. நான் சொல்கிற படம் பிடிபடாவிட்டால் புருவம் ஒன்றை ஒன்று நெருங்கும். பிடிபட்டதும் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொள்வீர்கள். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். கேட்கிறபோது மனிதர் முகம் எவ்வளவு இளசாகிவிடுகிறது என்று எழுதினேன். மூடிய இமைக்குள் கண் அசைந்துகொண்டே இருக்கும், அங்கே ஒரு மண்டபத்தைச் சுற்றி நடப்பதைப் போல.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மடவளைக்குப் போனேன். மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். தொப்பி வந்த இடத்தில், "ஓ, அப்பிடித்தான் செய்வாரு" என்று சிரித்தவள், சிரித்தபடியே அழுதாள். வாசித்து முடித்தேன். உள்ளறைத் திரைக்குப் பின்னால் உங்கள் மனைவி கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பதற்கு மேல் அவர் என்னிடம் பேசியதில்லை.

"தம்பி" என்றார். "நல்லா ஈக்கி. ஆனா அவர்ட கண்ணப் பத்தி ஒன்டும் எழுதல்லியே."

"மூடியிருந்தாருங்க ராத்தா. நான் பாத்தப்பல்லாம் மூடித்தான் இருந்தாரு."

 மகள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப எழுதிக்கோங்க. வலது கண்ணுல, கறுப்புக்குக் கிட்ட, பழுப்புல ஒரு சின்னப் புள்ளி ஈந்தது. கடுகளவுதான். கோவத்துல தெரியாது. சந்தோசமா ஈந்தா தெரியும். சனிக்கிழமை ஊட்டுக்கு வாரப்போ தெரியும். வந்து, கையக் காலக் கூடக் கழுவாம, நீங்க செல்லித் தந்த படத்தயெல்லாம் அப்பிடியே எனக்கிச் செல்லுவாரு."

பேனா என் கையில்தான் இருந்தது. எழுத வரவில்லை. உங்களோடு முடிந்துவிடுகிறது என்று நான் நினைத்திருந்த ஒவ்வொரு படமும் அந்தத் திரைக்குப் பின்னால் இன்னும் ஒருவருக்குப் போயிருக்கிறது.

"ராத்தா" என்றேன், "எந்தப் பக்கத்துல? மூக்குப் பக்கமா, காதுப் பக்கமா?"

"மூக்குப் பக்கம்" என்றார். "கொஞ்சம் கீழ."

நானா, வருடக்கணக்காக உங்கள் இடப்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு தரமும் பார்க்காத அந்தப் புள்ளி, மூக்குப் பக்கம், கொஞ்சம் கீழே, பழுப்பாக, இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.